பழைய கம்பிச் சக்கரமும் அதன் புதுக்கலும்

1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஜாகுவார் ஈ-ரைப் மோட்டார் வண்டியின் சக்கரம் ஒவ்வொன்றும் 72 ஆரக்கம்பிகளை உடையது. நடுக்குடத்தையும் வெளிவளையத்தையும் பிணைக்கும் அக்கம்பிகளின் இழுவிசையே பாரத்தைத் தாங்குகின்றது.

இத்தகைய பழஞ்சக்கரத்தைத் தேடிப் பெறுவோர் முலாமின் பொலிவில் மயங்குதலாகாது. குடத்தின் உட்பற்களே முதலிற் சோதிக்கற்பாலன. எந்திரத்தின் விசையும் தடுப்பின் விசையும் அவற்றின் வழியாகவே சக்கரத்தைச் சேர்கின்றன. அவை தேய்ந்து கூர்மையுற்றிருப்பின், சக்கரம் அச்சுமுனையில் வழுக்கி வண்டி நில்லாதொழியும். அச்சுமுனையின் பற்கள் தேய்ந்திருப்பினோ, அவை புதிய குடத்தையும் கெடுத்துவிடும்.

பற்கள் செம்மையாயின், கம்பிகளைக் கழற்றி, வளையத்தின் துருவையகற்றி, வெடிப்புளதோவென ஆராய்தல் வேண்டும். பின்னர்ப் புதுக்கம்பிகளைக் கோத்துச் சிறிது சிறிதாக முறுக்கி, சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் தீர்ப்பர்.

தேய்ந்த குடமுடைய சக்கரம் நூதனசாலைக்கு உரியது, வீதிக்கு உரியதன்று.