இங்கிலீஷ் வாக்கியத்தைத் திருத்துவது எப்படி?



நாம் இங்கிலீஷ் எழுதும்போது வரும் தப்புகளைப் பார்த்து 'உனக்கு மூளையே இல்லையா?' என்று சிலர் கேட்பார்கள். ஆனால் நிறைய தப்புகள் மூளை இருப்பதால்தான் வருகின்றன! நமக்கு நல்லாத் தெரிந்த தமிழை வைத்து யோசித்து எழுதுகிறோம். அதனால் தமிழில் அந்த வாக்கியம் எப்படி இருந்தது என்று கண்டுபிடித்தால், பாதித் திருத்தம் முடிந்த மாதிரி.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று நம்ம வகுப்பில் எழுதாதவர்கள் குறைவு. தமிழில் 'எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க' என்கிறோம். இங்கிலீஷில் இருக்கிற 'ஹேவ்' மாதிரி ஒரு வினைச்சொல் தமிழில் கிடையாது. 'இருக்காங்க' என்பதைக் கேட்டதும் ஏதோ இப்போ நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து 'ஹேவிங்' போட்டுவிடுகிறோம். நமக்குச் சொந்தம், உறவு, பொருள் இருப்பதைச் சொல்லும்போது 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' போதும். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரிதான். அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது. தம்பியை யாரும் சாப்பிடுவதில்லை!

அடுத்தது 'வேர் யூ ஆர் கோயிங்?' தமிழில் கேள்வி கேட்பது ரொம்ப சுலபம். 'நீ சந்தைக்குப் போறே' என்பதில் 'சந்தைக்கு' என்பதை எடுத்துவிட்டு 'எங்கே' என்று வைத்தால் கேள்வி ரெடி. வேறு எதுவும் நகராது. இங்கிலீஷில் 'வேர்' முதலில் வந்தால், பின்னாடியே 'ஆர்' வந்துவிட வேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்?' ஆனால் 'நீ எங்கே போறேன்னு எனக்குத் தெரியாது' என்று சொல்ல வந்தால், 'ஐ டோன்ட் நோ வேர் யூ ஆர் கோயிங்' என்பதுதான் சரி. அங்கே கேள்வி இல்லையே. இந்த இடத்தில் நிறைய பேர் திருத்துகிறேன் என்று சரியானதையே அடித்துவிடுகிறார்கள்.

லீவ் லெட்டரில் 'பிஃபோர் டூ டேஸ்' என்று வருவதும் 'ரெண்டு நாளைக்கு முன்னாடி' என்பதால்தான். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ டேஸ் அகோ'. பரீட்சை மாதிரி வேறு ஒரு நாளிலிருந்து எண்ணினால் 'டூ டேஸ் பிஃபோர் தி எக்ஸாம்'.

இதுவரை சொன்னது எல்லாம் அடித்து எழுதினால் சரியாகிவிடும் தப்புகள். சில வாக்கியங்களை அப்படித் திருத்த முடியாது. மாற்றித்தான் எழுத வேண்டும். இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதினேன்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி, தன் வீட்டு ஆட்டைப் பற்றி இங்கிலீஷில் எட்டு வரி சொந்தமாக எழுதினாள். நோட்டு திரும்பி வந்தபோது எட்டு வரியிலும் சிவப்பு மை. ஒரு வகுப்பு நோட்டு முழுக்கத் திருத்துகிற டீச்சருக்கு ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேச நேரம் எங்கே இருக்கும்? அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவள், 'இனிமே சொந்தமா எழுத மாட்டேன்டி, நோட்ஸ்ல இருக்கறத மட்டும் எழுதறேன்' என்று சொன்னதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நோட்ஸில் அவள் ஆடு இல்லையே.

அவள் எழுதியதில் ஒரு வரி: 'ஒன் பேபி இஸ் நாட் ட்ரிங்க் மில்க்.' இது அவளிடம் 'ஒன் பேபி இஸ் நாட் ட்ரிங்கிங் மில்க்' என்று திருந்தி வந்திருந்தது. இலக்கணம் சரி. ஆனால் அவள் சொல்ல வந்தது என்ன? குட்டி பால் குடிக்கலையா, குடிக்கவே மாட்டேங்குதா, இல்லை குடிக்க முடியலையா? மூன்றுக்கும் இங்கிலீஷ் வேறு வேறு. மத்தியானம் சாப்பிட்டு முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, 'இத தமிழ்ல சொல்லேன்' என்று கேட்டேன். அவள் மூச்சு விடாமல் சொன்னாள்: ஆடு ராத்திரி ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணுக்குக் காலை ஊனி நிக்க முடியல, அதனால தாய்கிட்ட பால் குடிக்க முடியல, அம்மா பாட்டில்ல ஊட்டறாங்க.

பார்த்தீர்களா, முக்கியமான விஷயமே கால்தான். அது நோட்டில் எங்கேயும் இல்லை! கடைசியில் இப்படி மாற்றி எழுதினோம்: 'ஒன் கிட் கேன்னாட் ஸ்டாண்ட், ஸோ இட் கேன்னாட் ட்ரிங்க் ஃப்ரம் இட்ஸ் மதர். மை மதர் ஃபீட்ஸ் இட் வித் எ பாட்டில்.' ஆட்டுக்குட்டிக்கு 'கிட்' என்று பெயர் என்பது மட்டும்தான் அவளுக்குப் புதுசு. மற்ற வார்த்தை எல்லாம் அவளுக்கு ஏற்கனவே தெரிந்தவைதான். நான் இன்னும் கொஞ்சம் அழகாக ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். 'வேணாம், அப்புறம் அது நான் எழுதினது மாதிரி இருக்காது' என்றாள். அவள் சொன்னது நியாயம். மாற்றி எழுதுகிறவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆரம்பித்தால் எழுதினவர் காணாமல் போய்விடுவார். பத்து நாள் கழித்து அவளாகவே ஒரு வரி எழுதிக் காட்டினாள்: 'இட் இஸ் ரன்னிங் நவ்.' அதில் அடிக்க ஒன்றுமே இல்லை.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார்கள். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு என்பவர் ஒரு முயற்சி நடத்தினாராம். பெங்களூர் திட்டம் என்று அதற்குப் பெயர். இலக்கணத்தைத் தனியாக எடுக்காமல், வரைபடம், ரயில் நேர அட்டவணை மாதிரி எதையாவது கொடுத்து யோசித்துப் பதில் சொல்ல வைப்பார்கள். பிள்ளைகள் தப்பான இங்கிலீஷில் சொன்னால், பாடத்தை நிறுத்தி விளக்கம் சொல்லாமல், அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவார்களாம். நாம் பேசிப் பழகும்போது இது ரொம்ப உதவும். எழுத்துக்கு மட்டும் அடித்துக் காட்டினால்தான் மனதில் நிற்கும் என்பது என் கருத்து.

டிக்‌ஷனரியும் பெரிய உதவி. அர்த்தம் பார்க்க மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். 'டிஸ்கஸ் அபவுட்' சரியா என்று சந்தேகம் வந்தால், 'டிஸ்கஸ்' பக்கத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'அபவுட்' இருக்காது. 'அதப் பத்தி' என்ற நம்ம 'பத்தி'தான் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படி வேற்று மொழிக்காரர்களுக்கு எந்த வினைச்சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று காட்டும் அகராதியை ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து தயாரித்தார். அவர் ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். அது 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை வெளியிட்டது. ஜப்பான் பிள்ளைகளுக்கும் நம்மை மாதிரியே கஷ்டம் இருந்திருக்கிறது!

இன்னொன்று, கொஞ்சம் ஆபத்தானது. 'நீ மாத்திரை சாப்பிடலையா?' என்று கேட்டால், சாப்பிடாதவர் தமிழில் 'ஆமா, சாப்பிடல' என்று சொல்லலாம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமா'. இங்கிலீஷில் அப்படி 'யெஸ்' என்று மட்டும் சொன்னால் சாப்பிட்டாச்சு என்று அர்த்தமாகிவிடும். சாப்பிடவில்லை என்றால் 'நோ, ஐ டிட்ன்ட்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் கேட்கிற டாக்டரிடம் போனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

'டுடே மார்னிங்' என்பது நம் நாட்டில் எல்லோரும் பேசுவது, கேட்பவருக்கும் புரியும். பரீட்சையில் 'திஸ் மார்னிங்' என்று எழுதிவிடுங்கள், மார்க் மிச்சம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. கீழே உள்ள இரண்டையும் சரிசெய்து, பெயர், வகுப்பு எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுங்கள். விடை அடுத்த தாளில்.

1. மை கிராண்ட்மதர் இஸ் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபார்ட்டி இயர்ஸ்.

2. ஷீ டோல்ட் வீ வில் கோ டு டெம்பிள். (இதைத் திருத்துவதற்கு முன்னால், எழுதினவரிடம் 'நாமா, நாங்களா?' என்று கேட்க மறக்காதீர்கள்.)