லேபிள் இல்லாத இரண்டு பாட்டில்கள்

சொந்தக் கையால் ஒரு லாங்போர்டு, அதாவது நீளமான ஸ்கேட்போர்டு, செய்து அதிலேயே ஏறி ஓட்ட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. வெளிநாட்டிலிருந்து வரும் பலகை பலருக்கும் கட்டுப்படியாகாது. மூன்று மில்லிமீட்டர் பிளைவுட் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, வளைவான அச்சில் வைத்துக் கிளாம்பு போட்டு இறுக்கி, காய்ந்தபின் வெட்டித் தேய்த்தால் பலகை தயார். அடிப்பக்கத்தில் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பூசிவிட்டால் வலுவும் கூடிவிடும். ஆள் ஏறி நிற்கும்போது பலகையின் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது. அந்த இழுவிசையைக் கண்ணாடி இழை தாங்கிக்கொள்ளும்.

தேவையான சாமான் எதற்கும் அதிகம் அலைய வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு பெருகியது. படகுக்குப் போடும் அதே கண்ணாடி இழை மேட், அதே ரெசின்தான் பலகைக்கும். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ ஒரு பையன் ஸ்கேட்போர்டு செய்ய உட்கார்ந்தால், படகு ரிப்பேருக்குச் சரக்குக் கொடுக்கும் கடையில்தான் போய் நிற்பான். ஆபத்தும் அந்தக் கடையின் மேசையிலேயே தொடங்குகிறது.

"ஒரு கிலோ ரெசின், ரெண்டு மீட்டர் மேட்" என்று கேட்டால், பெரிய டிரம்மிலிருந்து ஒரு பழைய பாட்டிலில் ரெசினை ஊற்றித் தருவார்கள். கூடவே இரண்டு சின்ன பாட்டில்கள். ஒன்றில் கரு ஊதா நிறத் திரவம் இருக்கும். மற்றதில் இருப்பது பார்வைக்கு அப்படியே தண்ணீர். இரண்டிலும் பெயர் இருக்காது. "இது கோபால்ட்டு, இது ஹார்ட்னரு. ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் விடுங்க தம்பி, செட் ஆயிடும்." இவ்வளவுதான் விளக்கம்.

அந்த விளக்கத்தில் விட்டுப்போன ஒரு வரி இருக்கிறது: இந்த இரண்டு திரவங்களையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. ஹார்ட்னர் என்று சொல்வது எம்.இ.கே.பி. என்ற கரிமப் பெராக்சைடு. கோபால்ட் அதை வெகுவேகமாகச் சிதைக்கும். ரெசின் இல்லாமல் இரண்டும் தனியே சந்தித்தால் கணநேரத்தில் கொதித்துத் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முறை இதுதான்: முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு, நிறம் ஒரே சீராக ஆகும்வரை நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகே ஹார்ட்னர். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் குவளை, தனித்தனிக் குச்சி. வைக்கும் இடமும் வேறுவேறாக இருக்கட்டும். ஒரே குவளையில் கோபால்ட்டை அளந்து, கழுவாமல் அதிலேயே ஹார்ட்னரை ஊற்றினாலும் போதும், விபத்துக்கு.

வீடியோ பார்த்துக் கற்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அமெரிக்க வீடியோக்களில் வரும் ரெசினில் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கோபால்ட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் அவர்கள் கையில் ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் இருக்கும். இரண்டாவது பாட்டிலைப் பற்றி எச்சரிக்க அவர்களுக்குக் காரணமே இல்லை. நம் கடையில் இரண்டு பாட்டில் கைக்கு வரும்போது, வீடியோவில் இல்லாத ஒன்றைப் பையன் தன் ஊகத்தில் செய்கிறான்.

அந்தத் தண்ணீர் நிறப் பாட்டில் இன்னொரு விதத்திலும் பயங்கரமானது. எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் தெறித்தால் கருவிழியைப் பொசுக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். உடனே ஓடும் நீரில், இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்தபடி, குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். காயத்தின் முழு அளவு சில சமயம் தாமதமாகத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி போதாது, நாலுபக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். யாராவது தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். குடிநீர் பாட்டிலில் ஹார்ட்னரை ஊற்றித் தரும் கடைக்காரரிடம் வாங்காமல் திரும்பி வருவதே சரி. வீட்டில் தம்பி, தங்கை இருக்கிறார்கள்.

அடுத்தது தீ. படகுக் கடையில் தருவது பாலியெஸ்டர் ரெசின், அதில் கணிசமான பங்கு ஸ்டைரீன் என்ற திரவம். அதன் தீப்பற்று நிலை சுமார் 31 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டுக்காரன் தன் கராஜில் வேலை செய்யும்போது ரெசின் அந்த வெப்பநிலையை எட்டுவதில்லை. சென்னையில் சித்திரை வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். அதாவது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எந்நேரமும் மேலே நிற்கிறது. பிரஷ் கழுவப் பயன்படும் அசிட்டோன் இன்னும் மோசம், அதன் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போய், எரிகிற அடுப்பையோ பூஜை அறை விளக்கையோ எட்டும். ஆகவே சமையலறை வாசலிலும், மூடிய அறையிலும், அடுக்குமாடியின் பொது நடையிலும் இந்த வேலை வேண்டாம். மொட்டை மாடியில், பந்தல் நிழலில், காலை வேளையில் செய்யலாம். தீப்பற்றும் பொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வாசனை தாங்காமல் ஆட்சேபித்தால் அது அவருடைய உரிமை. சண்டைக்கு நிற்காமல் இடத்தை மாற்றுங்கள்.

மிஞ்சிய ரெசினைக் குவளையிலேயே விட்டுவைப்பது பலர் செய்யும் காரியம். கெட்டியாகும்போது ரெசின் தானே சூட்டை உண்டாக்கும். மெல்லிய பூச்சில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஆழமான குவளையில் போக வழியின்றிச் சேர்ந்து, பிளாஸ்டிக்கை உருக்கி, புகைந்து, எரியவும் தொடங்கும். தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி வெளியில் மணல் மேல் வையுங்கள். ஹார்ட்னர் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தண்ணீரில் நனைத்து வெளியே வையுங்கள். சென்னையில் வாங்கி நாகப்பட்டினத்துக்கு ரயிலில் கொண்டுபோகலாம் என்ற எண்ணமும் கூடாது. அனுமதியின்றி ஆபத்தான சரக்கை ரயிலில் ஏற்றினால் 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது.

முகக்கவசம் பற்றிப் பெரிய குழப்பம் இருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த என்95 தூசிக்கு உதவும், ஸ்டைரீன் ஆவிக்கு உதவாது. ஆவிக்கு, கரிம ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பூட்டிய முகமூடி வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. ஒரு பலகை செய்பவருக்கு இதனால் பெரும்பயம் தேவையில்லை. நாள் முழுதும் படகுப் பட்டறையில் நிற்பவருக்குத்தான் இது வாழ்க்கைப் பிரச்சினை.

பலகைக்கு எபாக்சி ரெசின் நல்ல மாற்று. வாசனை குறைவு, மரத்தில் பிடிப்பும் அதிகம். ஆனால் வாசனை இல்லாததால் ஆபத்தே இல்லை என்று நினைத்து வெறுங்கையால் தொடுவார்கள். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது, அப்புறம் சிறு துளி பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம். கையில் ஒட்டியதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மேட்டின் இழைகளைப் பிணைக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபாக்சிக்கு அது சரிவராது, நெய்த துணியாகக் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடித் தூசியைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். துணியில் இருக்கும் நீள் இழைகள் தடிமனானவை, நுரையீரலின் அடி ஆழம் வரை போவது அரிது. அரிப்பும் தொண்டைக் கரகரப்பும் நிச்சயம் உண்டு. தேய்க்காமல் குளிர்ந்த நீரில் அலசினால் அடங்கும். யாரும் பயப்படாத மரத்தூசியைத்தான் அதே புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிளைவுட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் என்95 முகத்தில் இருக்க வேண்டும்.

இனி உரிமை. முன்கூட்டி அடைத்து வைத்து விற்கும் சில்லறைப் பொட்டலத்தில் தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011 சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. ஆபத்தான ரசாயனங்களுக்கு 1989 விதிகள் தனியே இருக்கின்றன. கொள்கலனில் உள்ள பொருள் என்ன, ஆபத்து என்ன என்ற லேபிளும் பாதுகாப்புத் தகவல் தாளும் வேண்டும் என்கிறது அவற்றில் 17ஆம் விதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, உயிருக்கு ஊறு செய்யும் பொருளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதையும், வாங்கும் பொருளின் தரம், வீரியம், அளவு பற்றித் தெரிந்துகொள்வதையும் நம் உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. "அண்ணே, கம்பெனி டப்பாவோட குடுங்க, டேட்டா ஷீட் வாட்ஸாப்புல அனுப்பச் சொல்லுங்க, பில் போடுங்க." இப்படிக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். விகிதமும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஹார்ட்னர் பொதுவாக எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றுவது சூட்டைக் கூட்டும், வலுவைக் குறைக்கும்.

பிளைவுட்டிலும் ஏமாற்று நடக்கிறது. மரைன் பிளை என்றால் ஐ.எஸ். 710 தரம், அதற்கு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பாருங்கள், உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். போலி என்றால் அதே செயலியில் புகார் கொடுக்கலாம். விரல் நீளத் துண்டைச் சட்டியில் கொதிக்க வைத்தால் தாள் தாளாகப் பிரிகிறதா என்பதும் வீட்டிலேயே தெரியும்.

சரக்குக் கெட்டது என்றோ எச்சரிக்கை இல்லாததால் காயம் பட்டது என்றோ ஆகிவிட்டால் முதலில் எதையும் தூக்கி எறியாதீர்கள். மிச்ச ரெசின், பாட்டில், பில், மருத்துவச் சீட்டு, புகைப்படம் எல்லாம் ஆதாரம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

படகுப் பட்டறையில் கொடுத்துக் கண்ணாடி இழை போடச் சொல்பவர்கள், அங்கே வெறுங்காலோடும் வெறுங்கையோடும் ரோலர் உருட்டும் தொழிலாளியையும் கொஞ்சம் பாருங்கள். வேலையால் வந்த காயத்துக்கும் தொழில் நோய்க்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே சட்டம், 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அங்கே வேலை செய்வதைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பலகை நன்றாக வந்துவிட்டால் நண்பர்கள் கேட்பார்கள், விற்கத் தோன்றும். அந்த நிமிடமே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் நீங்கள்தான் 'உற்பத்தியாளர்'. பலகை முறிந்து வாங்கியவர் விழுந்தால், தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை மட்டுமல்ல, போதிய எச்சரிக்கை தராததற்கும் நீங்கள் பொறுப்பு. எனவே ஒவ்வொரு பலகையையும் சக்கரம் பூட்டுமுன் சோதியுங்கள். டிரக் எனும் சக்கர அச்சு வரும் இரண்டு இடங்களில் செங்கல் வைத்து மேலே ஏறி நின்று அமுக்குங்கள். ஒரு நாணயத்தால் அடிப்பக்கம் முழுதும் தட்டிக்கொண்டே வாருங்கள். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மங்கினால் அங்கே கண்ணாடி இழை மரத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறது. ரெசின் ஊறிய துணி கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். வெள்ளையாகத் தெரியும் திட்டு ரெசின் குடிக்காத இடம். அப்படிப்பட்ட பலகை விற்பனைக்கு இல்லை. தேறிய பலகைக்கு ஓர் எண் போட்டு, தாங்கும் எடை, செய்த மாதம், ரெசின் வகை, ஹெல்மெட் இன்றி ஓட்டக் கூடாது என்ற குறிப்பு, உங்கள் தொலைபேசி எண் எல்லாம் அடியிலேயே எழுதி, மேலே ஒரு பூச்சு ரெசின் பூசிவிடுங்கள். கடையில் நீங்கள் கேட்ட அதே லேபிள்தான் இது.