வானொலியில் ஒலித்த மகாராணி

வாராவாரம் ஒலிவாங்கியின் முன் அமரும் எனக்கு அடிக்கடி நினைவில் வருபவர் ஒரு மகாராணி. நெதர்லாந்தை ஆண்ட வில்ஹெல்மினா அவர்.

1880 இல் பிறந்த அவர், பத்து வயதில் தந்தையை இழந்து அரசியானார். தாயார் எம்மா அவர் சார்பில் ஆட்சியை நடத்தினார். 1898 இல், பதினெட்டு வயது நிறைந்ததும், பொறுப்பைத் தாமே ஏற்றார். முதலாம் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை காத்தது. அடுத்த போரில் அது கைகூடவில்லை.

1940 மே 10 ஆந் திகதி ஹிட்லரின் படைகள் புகுந்தன. மூன்று நாட்களில் மகாராணி பிரித்தானியக் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். "எங்களை விட்டு ஓடிவிட்டாரே" என்று மக்கள் மனங்கசந்தனர்.

அந்தக் கசப்பை மாற்றியது வானொலி. ஜூலை 28 இல், பி.பி.சி.யின் உதவியுடன், லண்டனிலிருந்து "ரேடியோ ஒரான்ஜே" ஒலிக்கத் தொடங்கியது. முதல் நாளே மகாராணி பேசினார். போர்க்காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் பேசினார். மக்கள் ஒளித்திருந்து கேட்டனர். 1943 இல் வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்குமாறு ஜேர்மனியர் உத்தரவிட்டனர். அக்குரலின் வலிமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆயினும் ஒன்று என்னை உறுத்துகிறது. அந்நாட்டு யூதர்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர், நால்வரில் மூவர் வீதம், கொல்லப்பட்டனர். அவர்களைப் பற்றி அக்குரல் மிக அரிதாகவே பேசியது. 2020 மே 4 இல் அம்ஸ்டர்டாமில் நடந்த நினைவு நிகழ்வில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் இதை ஒளிக்கவில்லை. தம் பூட்டியார் எதிர்ப்பில் உறுதியாக நின்றவர் என்றார். ஆனாலும் துன்புற்ற மக்கள், வார்த்தையளவிலேனும் போதிய ஆதரவின்றிக் கைவிடப்பட்டதாக உணர்ந்தனர் என்றும், அது தம்மை விட்டு அகலவில்லை என்றும் சொன்னார்.

1948 இல் மகள் ஜூலியானாவுக்காக முடிதுறந்த வில்ஹெல்மினா, 1959 இல் தம் சுயசரிதையை வெளியிட்டார். "தனிமையில், ஆனாலும் தனித்தவளல்ல" என்பது அதன் தலைப்பின் பொருள். மூன்றாண்டுகளின் பின் மறைந்தார்.

இறைவன் துணையிருக்கிறான் என்ற ஆறுதல் அவருக்கு இருந்தது. 'நீங்களும் தனித்தவர்களல்லர்' என்ற அதே வார்த்தையைத்தான் அந்த மக்களும் வானொலிப் பெட்டியருகே காத்திருந்து எதிர்பார்த்தனர். பேசிய சொல்லைப் போலவே பேசாத சொல்லும் காற்றில் நிற்கிறது, நேயர்களே.