வேனை வீடாக்கும் முன்...

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். அங்குள்ள தீர்த்தங்கரர் பார்சுவநாதரை வணங்க வெளியூர்களிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவது சமணர் மரபு என்பதால், வழியிலேயே சமைக்க வசதியுள்ள வண்டி பெரிய உதவி. வேன் சேசிஸில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய சிறிய கேரவன், பெரிய பஸ்ஸைவிடக் குறைவாகத்தான் டீசல் குடிக்கும். ஆனால் விவரம் தெரியாமல் வாங்கினால் பணத்துக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய வேனைப் பட்டறையில் கொடுத்து நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையிலும் சிக்கல் வரும்.

மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. அதற்கான ஒப்புதல் சான்றின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைக் காட்டி விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை, பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விடாதீர்கள்.

மைலேஜை வாய்வார்த்தையில் நம்ப வேண்டாம். எடை கூடினால் மைலேஜ் குறையும்; 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. தண்ணீர் டேங்க் நிரம்பி, ஆட்களும் ஏறிய பிறகு ஓட்டிப் பாருங்கள்.

உயிர் காக்கும் கவனம்

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். தரையில் துளைகள் இருந்தால் அடைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள்.

சமையல் சிலிண்டரிலும் கவனம் தேவை. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், பயணிகள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் பலியானார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கி நிற்கும். அதனால் கீழ்மட்டத்தில் காற்றுத் துவாரம் அவசியம். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்கட்டும்.

ஏமாற்றப்பட்டால்?

விளம்பரம், விலைப்பட்டியல், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.