அலி இப்ப இருந்தா ஜெயிப்பாரா? ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்

காலேஜ் பஸ் ஒரகடம் ஜங்ஷன்ல மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். முன்னாடி கார் ஏத்திட்டுப் போற ட்ரெய்லர், பின்னாடி கன்டெய்னர், நடுவுல நாம. அப்படி நின்ன ஒரு சாயங்காலம், பக்கத்து சீட் நண்பன் மொபைல்ல டைசன் ஃப்யூரியோட பாக்ஸிங் பாத்துக்கிட்டு இருந்தான். சத்தம் கேட்டு டிரைவர் அண்ணா திரும்பிப் பாத்து சொன்னார்: "அலி இப்ப இருந்தா இவனுங்க ஒருத்தனும் நிக்க மாட்டான் தம்பி."

அண்ணா வடசென்னைக்காரர். 1980-ல முகமது அலி மெட்ராஸுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினார். அதை அப்பா தோள்ல உக்காந்து பாத்தவர் நம்ம அண்ணா. நண்பன் விடல. "அண்ணா, ஃப்யூரி ஆறடி ஒன்பது அங்குலம். அலியெல்லாம் அவனுக்கு முன்னாடி சின்னப் பையன்." ஸ்ரீபெரும்புதூர் வர்ற வரைக்கும் சண்டை ஓயல. ரெண்டு பேரும் என்னைத் தீர்ப்பு சொல்லச் சொன்னாங்க. இதோ, கொஞ்சம் லேட்டா வர்ற தீர்ப்பு.

முதல்ல டெஸ்ட் கண்டிஷன் சொல்லு

போன லீவுல சிப்காட்ல ஒரு கம்பெனியில இன்ப்ளான்ட் ட்ரெயினிங் போயிருந்தேன். என்ஜின் டெஸ்ட் பெஞ்ச் பக்கத்துல நின்னு, பந்தாவா ஒரு பவர் நம்பரைச் சொன்னேன். அங்கிருந்த சீனியர் சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த கண்டிஷன்ல?" எந்த ஆர்பிஎம், எந்த ஃபியூயல், என்ன டெம்பரேச்சர், புது என்ஜினா, ஓடித் தேஞ்ச என்ஜினா? இதெல்லாம் சொல்லாத நம்பர் வெறும் நம்பர்தான்.

"அலி ஜெயிப்பாரா" என்பதும் அதே மாதிரி கேள்வி. எந்த அலி? யாரோடு? எத்தனை ரவுண்டு? இந்த மூன்றையும் முடிவு பண்ணாமல் விவாதம் பண்ணினால், ட்ராஃபிக் க்ளியர் ஆன பிறகும் அது முடியாது.

எந்த அலி?

அலி குறைந்தது மூன்று பேர்.

முதல் ஆள், 1966-இன் அலி. வயது 24, எடை சுமார் 96 கிலோ. அந்த நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்தார். கையைத் தாழ்த்தி வைத்து, தலையைப் பின்னால் சாய்த்தே குத்தைத் தவிர்ப்பார். அவருடைய பாதுகாப்பு முழுக்கக் கால்களில்தான் இருந்தது.

இரண்டாவது ஆள், 1974-இன் அலி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை வருடம் ரிங் பக்கமே வர முடியவில்லை. திரும்பி வந்தபோது பழைய கால் வேகம் இல்லை. ஆனால் மூளையும் தாங்கும் சக்தியும் கூடியிருந்தன. கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைக்க வைத்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியது இந்த அலி.

மூன்றாவது ஆள், டிரைவர் அண்ணா பார்த்த 1980-இன் அலி. வயது 38. அவரிடம் கடைசியில் வருவோம்.

யாரோடு?

இன்றைய ஹெவிவெயிட்டில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்: டைசன் ஃப்யூரி, ஒலெக்சாண்டர் உசிக்.

ஃப்யூரி: உயரம் 206 செ.மீ., ரீச் 216 செ.மீ.
உசிக்: உயரம் 191 செ.மீ., ரீச் 198 செ.மீ.
அலி: உயரம் 191 செ.மீ., ரீச் 198 செ.மீ.

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு முறை பாருங்கள். ரெண்டும் ஒரே ஸ்பெக் ஷீட்! பிறந்த நாள்கூட ஒன்றுதான், ஜனவரி 17. அலி 1942, உசிக் 1987.

இதுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். "அலி சைஸ் ஆள் இன்றைய ராட்சசர்களைச் சமாளிக்க முடியுமா?" என்ற கேள்விக்கு டைம் மெஷின் தேவையே இல்லை. உசிக் அந்த டெஸ்ட்டை நடத்திக் காட்டிவிட்டார். 2024 மே மாதம் ரியாத்தில் சுமார் 101 கிலோ உசிக், சுமார் 119 கிலோ ஃப்யூரியோடு மோதினார். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி தடுமாறி, கயிறு தாங்கிப் பிடித்ததால்தான் விழாமல் நின்றார். ரெஃப்ரி எண்ண வேண்டியதாயிற்று. டிசம்பரில் ஃப்யூரி சுமார் 127 கிலோவுக்கு ஏறி வந்தார். அப்போதும் உசிக்தான். ஆக, எடை முக்கியம், ஆனால் எடை மட்டுமே தீர்மானிப்பதில்லை. குத்தின் வலிமையில் நிறை ஒரு பாதி என்றால், வேகம் இன்னொரு பாதி. அதைவிட முக்கியம், அந்தக் குத்து வந்து சேரும்போது நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்களா என்பது.

கம்ப்யூட்டரையே கேட்டாங்க

"டேட்டாவைப் போட்டு சிமுலேட் பண்ணலாமே" என்று நினைப்பவர்களுக்கு: 1969-லேயே பண்ணிவிட்டார்கள்.

49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-இல் ஓய்வு பெற்றவர் ராக்கி மார்சியானோ. அவருக்கும் அலிக்கும் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்? பாக்ஸர்களின் புள்ளிவிவரங்களை என்சிஆர் 315 கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இரண்டு பேரையும் ரிங்கில் நிற்கவைத்து, பல விதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு நடித்தார். 1970 ஜனவரியில் படம் திரைக்கு வந்தது: 13-ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட்டில் வெற்றி! அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்திருந்தார்.

மார்சியானோ அவருடைய காலத்தில் சுமார் 84 கிலோ. இன்றைக்கு அவர் ஹெவிவெயிட்டே இல்லை, க்ரூஸர்வெயிட். அவரால் 24 வயது அலியைத் துரத்திப் பிடித்திருக்க முடியும் என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. நாம் கொடுக்கும் இன்புட்தான் அவுட்புட்டாக வரும். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் அடி வாங்கிய எல்லோருக்கும் இது புரியும்.

என் கணிப்பு

கண்டிஷன்: 1966 அலி, இன்றைய 12 ரவுண்டு. (அலி காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982-இல் கொரிய பாக்ஸர் கிம் டுக்-கூ ரிங்கில் வாங்கிய அடியால் இறந்த பிறகுதான் குறைத்தார்கள்.)

ஃப்யூரியோடு: அலி, பாயின்ட்ஸில். ஆறடி ஆறு அங்குல எர்னி டெரலை 1967-இல் 15 ரவுண்டும் ஆட்டிவைத்தவர் அவர். உயரம் அவருக்குப் புதுசில்லை. ஒரே பயம், ஃப்யூரி கட்டிப்பிடித்து மொத்த எடையையும் கழுத்தில் சாய்ப்பது. கால் ஓடும் வரை அந்தப் பிடியில் அலி சிக்க மாட்டார்.

உசிக்கோடு: இங்கேதான் டிரைவர் அண்ணா கோவிச்சுக்குவார். உசிக் இடதுகை பாக்ஸர். 1966-இல் ஜெர்மனியின் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடதுகைக்காரர் அலியை 12-ஆவது ரவுண்டு வரை இழுத்தடித்தார். உசிக் அவரைவிடப் பல மடங்கு திறமைசாலி. அலியை 1966-இலிருந்து அப்படியே தூக்கி வந்து இறக்கினால், நான் உசிக் பக்கம், கொஞ்சம் வித்தியாசத்தில். ஆனால் அலிக்கு ஒரு வருடம் கொடுங்கள்: இன்றைய டயட், இன்றைய கோச்சிங், உசிக்கின் எல்லா வீடியோக்களும். அப்போது அலி. அதே என்ஜின்தான், ட்யூனிங் மட்டும் புதுசு.

நிஜமாவே நடந்த டெஸ்ட்

இதுவரை எல்லாம் கற்பனை. ஆனால் "பழைய அலி இன்றைய சாம்பியனை ஜெயிப்பாரா" என்ற கேள்வியை ஒருமுறை நிஜ உடம்பிலேயே சோதித்தார்கள். மெட்ராஸில் அலி சிரித்து விளையாடிய அதே 1980, அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எதிரில் லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்கு ஸ்பாரிங் போட்ட பையன்.

அலி எடையைக் குறைத்து, நரையை மறைத்து, பார்க்க 1974 மாதிரியே வந்தார். உள்ளே தைராய்டு மருந்து உடம்பை உலர்த்தியிருந்தது. பத்து ரவுண்டு. நடுவர்கள் ஒரு ரவுண்டுகூட அலிக்குக் கொடுக்கவில்லை. கோச் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். நான்கு வருடம் கழித்து அவருக்குப் பார்கின்சன்ஸ் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

வயசுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே 38 வயதில்தான் உசிக் 2025 ஜூலையில் டேனியல் டுபாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார். மாடல் இயரை மட்டும் பார்த்து செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவீங்களா? ஓடோமீட்டரையும் பார்ப்பீங்க இல்ல? ஃப்ரேசியரோடு மூன்று, நார்ட்டனோடு மூன்று, ஃபோர்மேனோடு ஒன்று என்று அலியின் மீட்டர் எப்போதோ சுற்றி முடிந்திருந்தது. டிக்கெட் விற்றவர்கள் பெயரைப் பார்த்தார்கள், மீட்டரைப் பார்க்கவில்லை. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை ஜேக் பாலோடு இறக்கினபோது நாமளும் ராத்திரியோட ராத்திரியா ஸ்ட்ரீம் தேடினோம். நானும்தான்.

போன வாரம் பஸ்ல தீர்ப்பைச் சொன்னேன். "1966 அலின்னா ஃப்யூரியை அடிப்பார் அண்ணா. ஆனா நீங்க பாத்த அலி, இப்ப இருக்கிற யாரையும் ஜெயிச்சிருக்க மாட்டார்." கோவிச்சுக்குவார்னு நெனச்சேன். கியரை மாத்திக்கிட்டே சொன்னார்: "தெரியும் தம்பி. அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதே எங்கப்பா சொல்லிட்டாரு, 'மனுஷனுக்குக் கால் ஆடலடா, இனிமே இறங்கக் கூடாது'ன்னு."

டேட்டா ஷீட் இல்லாம, ஒரே சாயங்காலத்துல, சரியான ரிப்போர்ட்.