ஒற்றைக் கித்தாரும் ஓங்கிய ஓசையும்

பாடகர் ஒருவர் தம் வழக்கமான ஓசையை மாற்றிக்கொள்ளும்போது, அதுவரை அவரைப் போற்றி வந்தவர்களே முதலில் சினம் கொள்வது உலகெங்கும் காணப்படும் இயல்பு. அதிலும் அவர் நாடோடிப் பாடல் பாடுபவராயின் அச்சினம் இரட்டிப்பாகிறது. எளிமைதான் நாடோடிப் பாடலின் உயிர் என்பது கேட்போரின் நம்பிக்கை. ஒரு குரல், ஒரு கருவி, பாட்டின் சொற்கள், இவையே போதும் என்று அவர்கள் கருதுகின்றனர். அந்த எளிமையின்மேல் பல கருவிகளின் முழக்கம் வந்து சேரும்போது, பாடல் வளர்ந்தது என்பார் சிலர். பாடல் கெட்டது என்பார் பலர். இவ்வழக்கு மிக வெளிப்படையாக எழுந்த நிகழ்ச்சி ஒன்று 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்றது. அதற்குக் காரணமானவர் பாப் டிலன் என்னும் பாடகர். அந்நிகழ்ச்சியையும் அதன் உட்பொருளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களில் நாடோடிப் பாடல்களுக்குப் புதியதொரு மதிப்பு உண்டாயிற்று. சுரங்கத் தொழிலாளர், பருத்திக் காட்டு உழவர், மலைநாட்டுக் குடிகள் ஆகியோரின் பாடல்களைக் கல்லூரி மாணவர்கள் தேடிக் கற்றனர். உடி கத்ரி, பீட் சீகர் போன்றோர் அவர்களுக்கு வழிகாட்டிகள். 1959-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் இதற்கென்றே ஒரு பெருவிழா தொடங்கப்பெற்றது. அங்கு ஒற்றைக் கித்தாரின் ஓசை வெறும் ஓசையாகக் கருதப்படவில்லை. அஃது ஓர் உறுதிமொழியாகவே மதிக்கப்பட்டது. ‘இது சந்தைக்கு வந்த சரக்கன்று, மக்களின் வாழ்வு’ என்று அவ்வோசை அவர்களுக்குச் சொல்லிற்று. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் அக்காலத்தே வலுப்பெற்று வந்தமையால், பாடலும் அறமும் ஒன்றெனவே அவர்கள் எண்ணினர்.

டிலன் 1941-இல் பிறந்தவர். 1961-இல் நியூயார்க் நகருக்கு வந்து, கித்தாரும் மவுத் ஆர்கனும் கொண்டு தனியே பாடிப் பெயர் பெற்றார். 1963 ஆகஸ்டு 28-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் உரிமை வேண்டித் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பாடியவர்களுள் அவரும் ஒருவர். அவருக்கு அப்போது வயது 22. அவர் குரல் தங்களுடைய குரலே என்று இளைஞர் பலர் கொண்டதில் வியப்பில்லை.

ஆயினும் நிறைந்த ஓசை அவருக்குப் புதியதன்று. பள்ளிப் பருவத்திலேயே அவர் ராக் இசைக்குழுக்களில் வாசித்தவர். 1962-ஆம் ஆண்டின் இறுதியிலேயே, குழுவினரோடு சேர்ந்து பாடிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டிருந்தார். அதனைக் கவனித்தவர் சிலரே. 1965 மார்ச்சில் வெளியான அவரது நெடுந்தட்டில் ஒரு பக்கம் மின்கித்தாரும் டிரம்மும் கூடிய பாடல்கள். மறுபக்கம் பழைய முறையில் அமைந்தவை. எனவே மாற்றம் வரப்போவதை அறிய விரும்பியோர் முன்பே அறிந்திருக்கக் கூடும்.

1965 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூபோர்ட் மேடையில் டிலன் மின்கித்தாருடன் தோன்றினார். உடன் மற்றொரு மின்கித்தார், மந்தர ஒலி தரும் பாஸ் கித்தார், பியானோ, ஆர்கன், டிரம் ஆகியவை. குழுவினர் முந்தின இரவு ஒத்திகை பார்த்திருந்தனர், அவ்வளவே. மூன்று பாடல்களைப் பாடிவிட்டு அவர் இறங்கினார். கூட்டத்தில் கைத்தட்டலும் எழுந்தது, கூக்குரலும் எழுந்தது. பின்னர் மேடையிலிருந்தோர் வேண்டிக்கொள்ள, அவர் பழைய ஒற்றைக் கித்தாருடன் திரும்பி வந்து இரண்டு பாடல்கள் பாடினார்.

அன்று கூவியவர் எத்தனை பேர், எதற்காகக் கூவினர் என்பதில் அங்கிருந்தவர்களே பின்னாளில் ஒன்றுபடவில்லை. புதிய ஓசையை வெறுத்துக் கூவினோம் என்றனர் சிலர். மூன்றே பாடல்களோடு முடித்துவிட்டாரே என்று கூவினோம் என்றனர் வேறு சிலர். சொற்கள் கேட்கவில்லை என்பது இன்னும் சிலரின் முறையீடு. பீட் சீகர் பின்னாளில் கூறிய காரணமும் இம்மூன்றாவதே. கையில் ஒரு கோடரி இருந்தால் ஒலிவாங்கிக் கம்பியை வெட்டியிருப்பேன் என்று அன்று தாம் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மின்கித்தாரைத் தாம் வெறுக்கவில்லை என்றும், பாட்டின் சொற்கள் புரியாமற் போனதே தம் வருத்தம் என்றும் விளக்கினார்.

இந்த முறையீட்டில் நியாயம் உண்டு. ஓசை நிறைவதால் நேர்வது என்ன என்பதை இங்குச் சிறிது நோக்குவோம். சாதாரணக் கித்தாரில் நரம்பின் அதிர்வு மரக்கூட்டில் முழங்கி வெளிவருகிறது. மின்கித்தாரில் உலோக நரம்புகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச் சுருளும் உள்ளன. நரம்பு அதிரும்போது சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனைக் கருவி பெருக்கி ஒலியாக்குகிறது. எனவே வாசிப்பவர் மெல்லத் தீண்டினும் ஓசை மண்டபத்தை நிறைக்கும். கீழ்ச் சுருதியைப் பாஸ் கித்தாரும் தாள இடைவெளிகளை டிரம்மும் நிரப்பிவிடுகின்றன. முன்பு குரலுக்கென்று இருந்த வெற்றிடம் இப்போது இல்லை. குரல் கேட்க வேண்டுமாயின் அதனையும் தனியே அளந்து உயர்த்த வேண்டும். நியூபோர்ட்டின் ஒலிபெருக்கி ஏற்பாடுகளோ ஒற்றைக் குரலுக்கும் ஒற்றைக் கருவிக்கும் பழகியவை. சொல்லை நம்பி வந்தவர் சொல்லை இழந்து வருந்தியது இயல்பே.

ஆனால் எல்லா எதிர்ப்பையும் ஒலிபெருக்கியின் தலையில் கட்டிவிட முடியாது. அதன்பின் டிலன் தம் நிகழ்ச்சிகளை இரு பகுதியாக அமைத்தார். முற்பகுதியில் தனியே பாடுவார், பிற்பகுதியில் குழுவுடன் பாடுவார். ஆகஸ்டு 28-இல் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் அரங்கில் முற்பகுதியை அமைதியாகக் கேட்டவர்களிற் பலர் பிற்பகுதியில் கூச்சலிட்டனர். எதிர்ப்பு தொடரவே, டிரம் வாசித்த லீவான் ஹெல்ம் அவ்வாண்டு இறுதியில் குழுவை விட்டே விலகினார். 1966 மே 17-ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒருவர், ஏசுநாதரைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸின் பெயரைச் சொல்லி டிலனை விளித்தார். டிலன் அவரைப் பொய்யர் என்று மறுத்துவிட்டு, அடுத்த பாடலை ஓங்கிய முழக்கத்துடன் தொடங்கினார். ‘யூதாஸ்’ என்பது ஓசை குறித்த குறைபாடன்று, துரோகக் குற்றச்சாட்டு. அதனைச் சொன்னவர் ஓர் உடன்படிக்கை முறிந்துவிட்டதாக எண்ணினார். அவ்வுடன்படிக்கையில் பாடகர் ஒருபோதும் கையொப்பம் இட்டதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி, எந்தத் தூய்மையைக் காக்க அவர்கள் போராடினரோ அத்தூய்மை எத்தகையது என்று காண்போம். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றில் உழைத்து வந்த மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகரை, 1941-இல் ஆலன் லோமாக்ஸ் முதலிய ஆய்வாளர்கள் கண்டு, அவருடைய பாடலை ஒற்றைக் கித்தாருடன் பதிவு செய்தனர். 1943-இல் வாட்டர்ஸ் ஊரை விட்டுச் சிக்காகோ நகருக்குப் பிழைக்கச் சென்றார். இருபதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு இவ்வாறு குடிபெயர்ந்தனர். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் ஒற்றைக் கித்தார் எடுபடவில்லை. ஆகவே வாட்டர்ஸ் மின்கித்தாரை ஏற்றார். டிரம்மையும் பியானோவையும் சேர்த்தார். கேட்டவர்கள் யார்? அவரைப் போலவே ஊரை விட்டு வந்த தொழிலாளர்கள். அவர்கள் அதனைத் துரோகம் என்னவில்லை. தங்கள் ஊர்ப் பாட்டு நகரத்திலும் உரத்துக் கேட்கிறதே என்று மகிழ்ந்தனர்.

இதே வாட்டர்ஸ் 1958-இல் இங்கிலாந்து சென்று மின்கித்தாரை வாசித்தபோது கேட்டோர் சிலர் திடுக்கிட்டனர். அவருக்கு முன் அங்குச் சென்ற பிக் பில் பிரூன்சி, சிக்காகோவில் குழுக்களோடு வாசித்துப் பழகியவராயினும், ஐரோப்பியர் விரும்பியவாறு தனிக் கித்தாருடனேயே பாடிக் காட்டியிருந்தார். அதுவே உண்மை வடிவம் என்று அவர்கள் கொண்டுவிட்டனர். இதனை உணர்ந்த வாட்டர்ஸ் சில ஆண்டுகளுக்குப்பின் மரக்கித்தாருடன் மீண்டும் சென்றார். அதற்குள் ஆங்கில இளைஞர்கள் மின்கித்தாருக்கு மாறிவிட்டிருந்தனர்! 1965-இல் நியூபோர்ட்டிலோ, சிக்காகோவின் மின்னிசையைக் கற்றுவந்த ஓர் இளைஞர் குழுவை ஐயுறவோடு அறிமுகம் செய்து பூசலுக்கு இடம் தந்தவர், முன்பு வாட்டர்ஸைத் தோட்டத்தில் பதிவு செய்த அதே ஆலன் லோமாக்ஸ்தான். சீகர் இடம் பெற்றிருந்த வீவர்ஸ் குழுவும் 1950-இல் ஒரு நாடோடிப் பாடலை முழு வாத்தியக் குழுவின் துணையோடு பாடி நாடெங்கும் புகழ் பெற்றதுண்டு.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்குகள் எழாமல் இல்லை. பிடில் மேலைநாட்டுக் கருவி. பாலுசாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்குப் பயன்படுத்தினார். தஞ்சை வடிவேலு அதற்கு மேலும் பெருமை சேர்த்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைப்பதும் அரிது. மாறாக ஹார்மோனியத்தை 1940 முதல் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்திருந்தது. அசையாத கட்டைகளில் கமகம் பிறவாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அக்காரணத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும் அது செவியைச் சார்ந்த காரணம். சொற்கள் கேட்கவில்லை என்ற சீகரின் முறையீடும் அவ்வாறே. துரோகம் என்னும் கூச்சலோ செவியைச் சார்ந்ததன்று. கேட்பவர் தம்மைப்பற்றி வைத்திருந்த ஓர் எண்ணத்தைச் சார்ந்தது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். தாம் விட்டுவந்த ஊரின் பாட்டு விட்டுவந்த நாளில் இருந்தவாறே இருக்க வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. பம்பாயிலோ கல்கத்தாவிலோ பல்லாண்டு வாழ்ந்தவர், தம் ஊர்த் தெம்மாங்கு புதிய வாத்தியங்களோடு முழங்கக் கேட்டால் மனம் வருந்தலாம். அவ்வாறு வருந்துமுன், குரலும் சொல்லும் கேட்கின்றனவா, பாட்டின் நடை குலையாமல் உள்ளதா என்று பார்த்தல் நலம். இவை குலைந்திருந்தால் தயங்காது குறை கூறலாம். கலைஞருக்கும் அது நன்மையே. குலையாதிருந்தும் மனம் ஒப்பவில்லையாயின், நாம் தேடுவது பாட்டையா, நாம் விட்டுவந்த நாட்களையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரில் இருப்பவரும் வாழ்கின்றனர். அவர்கள் பாட்டும் அவர்களோடு வாழ்கிறது. சிக்காகோவில் ஊர்ப் பாட்டை முழங்கச் செய்தவர்கள், நம்மைப் போல ஊர்விட்டு வந்தவர்களே.

டிலனும் எளிய ஓசையை முற்றிலும் துறந்துவிடவில்லை. 1967-இன் இறுதியில் மிகச் சில கருவிகளுடன் ஒரு நெடுந்தட்டை அளித்தார். 1992-இலும் 1993-இலும் பழைய நாடோடிப் பாடல்களை ஒற்றைக் கித்தாருடன் தனியே பாடிப் பதிவு செய்தார். 2016-இல் அவருக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மான்செஸ்டர் நிகழ்ச்சியின் பதிவும் 1998-இல் முறைப்படி வெளியிடப்பெற்று, அந்த ஒற்றைக் கூக்குரலோடு இன்றும் கேட்கப்படுகிறது. பாடலைப் பழித்த குரலும் பாடலோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது. அன்று அவ்வாறு கூவியவர் பாட்டின்மேல் அன்பில்லாதவர் அல்லர், அன்பு மிக்கவரே. ஆனால் அன்பு மிகுதியால் கேட்க மறந்துவிட்டார். நாம் கேட்க மறவாதிருப்போமாக.