காலணிக்கு அளவு உண்டு, மிதிவண்டிக்கு?

பணி ஓய்வுக்குப் பின் வந்த முழங்கால் வலிக்கு மிதிவண்டி ஓட்டுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். வேலூர் லாங் பஜாரை ஒட்டிய கடையொன்றில் வாங்கினேன். "உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில பதியணும் சார், அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லி, கடைக்காரர் இருக்கையை அடிமட்டம் வரை இறக்கித் தந்தார். ஒரே மாதத்தில் வலி இரட்டிப்பானது.

பழுது நீக்கும் பெரியவர் ஒருவர்தாம் கோளாறைக் கண்டுபிடித்தார். கீழே இறங்கி நிற்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு மட்டும் எஞ்சும். இருக்கை தாழ்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, மூட்டுச்சில்லின் மீது அழுத்தம் ஏறுகிறது. மிக உயர்ந்தாலோ இடுப்பு இருபுறமும் ஆடும். கணக்காகச் சொல்வதானால், கவட்டிலிருந்து தரை வரையுள்ள உயரத்தை 0.883-ஆல் பெருக்க வேண்டும். பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருந்தால் ஏறக்குறையச் சரி. எனக்கு 78 செ.மீ.; ஆகவே சுமார் 69. என் வண்டியில் இருந்தது 61!

ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் காலணிகளில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே மூன்றில் இரண்டு சென்டிமீட்டர்தான் வேறுபாடு. நம் தெருக்களில் ஓடும் பழைய கறுப்பு மிதிவண்டியோ பெரும்பாலும் 28 அங்குலச் சக்கரம், 22 அங்குலச் சட்டம். நெட்டையருக்கும் குட்டையருக்கும் அதுவே. பல அளவுகளில் செய்தால் இருப்புச் செலவு கூடும். ஒரே அளவு விலையைக் குறைக்கும். குறைந்த அந்தச் செலவை வாங்குபவரின் மூட்டு ஏற்கிறது. ரசீதில் அது வருவதில்லை. காலணி கடித்தால் கடையிலேயே தெரிந்துவிடும், மறுத்துவிடுவோம். மிதிவண்டியின் பொருத்தமின்மை ஒரு மாதம் கழித்தே தெரியும். வாங்கும்முன் அறியக்கூடிய பொருள், பயன்படுத்திய பின்னரே அறியக்கூடிய பொருள் என்று 1970-இல் பிலிப் நெல்சன் செய்த பாகுபாட்டை வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கடையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

இருக்கையை உயர்த்தினால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். கைப்பிடி எட்டாமல் முன்னே சாய்ந்தே ஓட்டுபவருக்கு மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கும். அதைச் சட்டத்தின் நீளமே தீர்மானிக்கிறது. ஸ்பேனரால் ஓரளவே திருத்தலாம்.

வசதி என்பது உடலளவு மட்டுமன்று என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றபோது, பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. ஆண்கள் வண்டியையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினர்.

2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில், பல அளவுகளில் வண்டி கொடுப்பது செலவு மிக்கது. அதை நான் கோரவில்லை. வழங்கும் நாளில் ஒவ்வொரு மாணவியையும் ஏற்றி உட்காரவைத்து இருக்கையைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். பக்கத்து வீட்டுப் பதினோராம் வகுப்பு மாணவியின் இருக்கையைச் சென்ற வாரம் நான்கு விரற்கடை உயர்த்தினோம். முதல் நாள் பயந்தாள். நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி நிற்கக் கற்றுக்கொண்டாள். இப்போது மேம்பால ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில்லையாம்.